2.4 சதவீதம் ஈயம்: ஆறு கர்ப்பிணிகளின் ரத்தமும் மூலிகை மருந்தின் தரக் கட்டுப்பாடும்

2011, 2012 ஆண்டுகளில் நியூயார்க் நகர சுகாதாரத் துறை ஆறு கர்ப்பிணிகளுக்கு ஈய நஞ்சு ஏறியிருந்ததை விசாரித்தது. ஆறு பேருமே வேறு நாட்டில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபோனவர்கள். அவர்கள் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 16 மைக்ரோகிராமில் ஆரம்பித்து 64 வரை இருந்தது. என்ன மருந்து எடுத்துக்கொள்கிறீர்கள் என்று துருவிக் கேட்டதில் இந்தியாவில் தயாரான ஆயுர்வேத மருந்துகள் வெளியே வந்தன, எல்லாம் வாய்வழியாகச் சாப்பிடுபவை, மொத்தம் 10 மருந்துகள். சோதித்துப் பார்த்தபோது ஈயம் 2.4 சதவீதம் வரை போயிருந்தது. பல மருந்துகளில் பாதரசமோ ஆர்செனிக்கோ சேர்ந்தே இருந்தது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் வாராந்தர அறிக்கையில் 2012 ஆகஸ்டில் இதை வெளியிட்டது. ஆறு பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் மூலிகை மருந்தில் நச்சு உலோகம் என்று பேச்சு வரும்போதெல்லாம் நான் இந்த நிகழ்வைத்தான் முதலில் எடுத்து வைப்பேன், ஏனென்றால் தரக் கட்டுப்பாடு எங்கெல்லாம் கோட்டை விடுகிறது என்பதை இந்த ஒரே நிகழ்வை வைத்துக்கொண்டு கடைசிவரை பேச முடியும். நாம் எல்லோரும் மருந்தில் உலோகம் இருக்கிறதா, இல்லையா என்று கேட்பதோடு நின்றுவிடுகிறோம். அது எந்த வழியாக உள்ளே வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. வழி தெரியாதவரை, தோற்ற பேட்சைத் தூக்கிப் போடலாம், அவ்வளவுதான், அடுத்த பேட்சும் அதே வழியாகத்தான் வரும்.

கேள்வி கேட்டதால் கிடைத்த நோயாளிகள்

இந்த ஆறு பேரும் "எனக்கு விஷம் ஏறியிருக்கிறது" என்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் இல்லை. வழக்கமான கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வந்தவர்கள். நியூயார்க் மாநிலச் சட்டப்படி கர்ப்பிணியைப் பார்க்கும் மருத்துவர் அவருக்கு ஈயம் ஏறும் வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்டு மதிப்பிட்டே ஆக வேண்டும். அப்படிக் கேட்டதால்தான் ரத்தப் பரிசோதனை, அதனால்தான் விசாரணை. அந்தச் சட்டம் இல்லாத ஊரில் இதே ஆறு பேர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஏன் கவலை என்றால், ஈயம் உடம்பில் காட்டும் அடையாளங்கள் எல்லாம் சாதாரணமானவை. அசதி, தலைவலி, மலச்சிக்கல், வயிற்றுவலி, ரத்தசோகை. கர்ப்பிணிக்கு இதில் எது வந்தாலும் கர்ப்பத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம். மற்றவர்களுக்கு வந்தால் வேலைச்சுமை, வயது, சாப்பாடு என்று காரணம் தயாராக இருக்கும். ஹீமோகுளோபின் தயாராகும் பாதையில் இரண்டு நொதிகளை ஈயம் முடக்குகிறது, அதனால் ரத்தசோகை வருகிறது. அதே காரணத்தால் பார்ஃபிரியா என்ற அரிய நோயோடு இதைக் குழப்பிக்கொள்வதும் உண்டு. கடுமையான வயிற்றுவலியோடு வந்தவருக்குக் குடல்வால் அழற்சி என்று சந்தேகப்பட்டு அறுவை சிகிச்சை வரை போவதும் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது.

இதில் எனக்கு ரொம்பவே பயமாகப் படுவது ஒன்று. அசதியும் மலச்சிக்கலும் வயிற்று உபாதையும் எதற்காக மூலிகை மருந்தைத் தேடிப் போகிறோமோ அதே தொந்தரவுகள். மருந்தில் ஈயம் இருந்தால் தொந்தரவு கூடும், தொந்தரவு கூடினால் மருந்தை இன்னும் ஒழுங்காகச் சாப்பிடுவார்கள்.

கர்ப்பிணி விஷயத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஈயம் நஞ்சுக்கொடியைத் தாராளமாகக் கடந்து குழந்தைக்குப் போகிறது. ஈயத்துக்கும் கால்சியத்துக்கும் உடம்பு பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை, அதனால் எலும்பில் சேர்ந்து பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும். கர்ப்பகாலத்தில் குழந்தைக்காக எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும்போது பழைய ஈயமும் கூடவே இறங்கும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் குடல் ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010-ல் கர்ப்பிணிகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல், 5 மைக்ரோகிராம் தாண்டினாலே தொடர்ந்து கவனிக்கச் சொல்கிறது, 45-ஐத் தொட்டால் ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து கொடுக்கலாமா என்று நிபுணரோடு யோசிக்கச் சொல்கிறது. ஆறு பேரில் மிக அதிகமாக இருந்தவருக்கு 64. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஆபத்தில்லாத ஈய அளவு என்று ஒன்று இதுவரை கண்டறியப்படவே இல்லை என்பதை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2.4 சதவீதம் சொல்லும் சேதி

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2.4 சதவீதம் என்றால் 24,000 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 24,000 பங்கு. உலக சுகாதார நிறுவனமும் இந்தியாவும் மூலிகைப் பொருளில் ஈயத்துக்குச் சொல்லும் உச்ச வரம்பு 10 பிபிஎம். ஆக 2,400 மடங்கு. இன்னொரு விதமாகப் பார்த்தால், 250 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இந்த விகிதத்தில் ஈயம் இருந்தால் அது 6,000 மைக்ரோகிராம். வாய்வழி மருந்திலிருந்து ஒரு நாளைக்கு உடம்புக்குள் போகலாம் என்று சர்வதேச மருந்து ஒத்திசைவுக் குழு வைத்திருக்கும் அளவு 5 மைக்ரோகிராம். அதாவது ஒரே மாத்திரையில் 1,200 நாள் பங்கு.

இந்த எண் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. சாதாரண மண்ணில் ஈயம் கிலோவுக்குச் சில பத்து மில்லிகிராம்தான் இருக்கும், மாசுபட்ட நகர்ப்புற மண்ணில் சில நூறு, மிக மோசமான இடங்களில் ஆயிரக்கணக்கில். மாத்திரை முழுக்க முழுக்கத் தோட்டத்து மண்ணாகவே இருந்தால்கூட 24,000 வராது. எனவே செடி மண்ணிலிருந்து இழுத்துக்கொண்டது, ரோட்டுத் தூசி படிந்தது, தண்ணீர் சரியில்லை என்ற விளக்கமெல்லாம் இங்கே செல்லாது. இந்த அளவில் ஈயம் இருந்தால் அது ஈயச் சேர்மமாகவே மருந்துக்குள் சேர்ந்திருக்க வேண்டும். செய்முறையில் எழுதியிருப்பதால் சேர்த்திருக்கலாம், நிறத்துக்காக யாரோ கலந்திருக்கலாம், அல்லது அப்படிச் செய்முறையுள்ள இன்னொரு மருந்து இதோடு பெரிய அளவில் கலந்திருக்கலாம். எண்ணின் அளவைப் பார்த்தே உலோகம் உள்ளே வந்த வாசலை ஊகிக்கலாம் என்பது தரக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு முதலில் கைவர வேண்டிய பழக்கம். சில பிபிஎம் என்றால் மண்ணையும் தூசியையும் பார். பத்து, நூறு என்று ஏறினால் கலப்படம், இயந்திரம். சதவீதத்தில் வந்தால் செய்முறைத் தாளை எடு.

பற்பம், செந்தூரம் என்ற வாசல்

உலோகமும் தாதுவும் சேர்ந்த மருந்துகள் ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றிலும் உண்டு. ஆயுர்வேதத்தில் ரச சாஸ்திரம் என்று தனிப் பிரிவே இருக்கிறது. பாதரசம், ஆர்செனிக், ஈயம் சேர்ந்த மருந்துகளை நூல்கள் ஒளித்து வைக்கவில்லை, பெயர் சொல்லித்தான் எழுதுகின்றன, சுத்தி செய்து (நஞ்சு நீக்கும் முறை), புடம் போட்டு எரித்து, பற்பம் அல்லது செந்தூரம் என்ற பொடியாக ஆக்கும் முறையையும் விரிவாகச் சொல்கின்றன. ஆனால் வாங்குபவருக்கு இது தெரிகிறதா? அவர் "மூலிகை" என்று நம்பி வாங்குகிறார். லேபிளில் நாக பஸ்மம் என்று போட்டிருந்தால் அது ஈயம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? சித்த மருத்துவம் அறிந்தவர்கள்கூட நாகம் என்றால் துத்தநாகம் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

பாஸ்டன் பகுதியில் ராபர்ட் சேப்பர் குழு செய்து 2004-ல் வெளியான ஆய்வில், தெற்காசியாவில் தயாராகி அங்குள்ள கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளில் 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. ஈயம் இருந்தவற்றில் அளவு 5 பிபிஎம்மிலிருந்து 37,000 வரை. அதே குழு 2008-ல் இணையத்தில் வாங்கிய 193 மருந்துகளைச் சோதித்தது. சுமார் ஐந்தில் ஒன்றில் உலோகம். அமெரிக்காவில் தயாரானவற்றில் 21.7 சதவீதம், இந்தியாவில் தயாரானவற்றில் 19.5 சதவீதம், ஏறக்குறைய சமம். ரச சாஸ்திர மருந்துகளில் 40.6 சதவீதம், மற்றவற்றில் 17.1. இதில் பலரும் கவனிக்காமல் விடுவது அந்த 17.1-ஐத்தான். செய்முறையிலேயே உலோகம் இல்லாத மருந்துகள் அவை, இருந்தும் ஆறில் ஒன்றில் உலோகம். அப்புறம், உலோகம் கிடைத்த மருந்துகளில் நான்கில் மூன்று பங்கு நல்ல உற்பத்தி நடைமுறைப்படி தயாரானவை என்று சொல்லிக்கொண்டவை.

இது இந்திய மருத்துவத்தின் பிரச்சினை மட்டும் என்று யாராவது நினைத்தால், 1998-ல் கலிபோர்னியாவில் 260 ஆசிய மருந்துகளைச் சோதித்ததில் குறைந்தது 83-ல் சொல்லப்படாத ரசாயன மருந்தோ கன உலோகமோ இருந்தது. மெக்சிகோ மரபில் குழந்தைகளின் வயிற்று உபாதைக்குக் கொடுத்த அசார்கானும் கிரெட்டாவும் கிட்டத்தட்ட முழுக்கவே ஈயச் சேர்மங்கள்.

முறைப்படி சுத்தி செய்தால் உலோகம் நஞ்சு நீங்கிவிடும் என்று ஒரு வாதம் உண்டு. இதை நான் கேலியாகப் பார்ப்பதில்லை. உலோகம் எந்தச் சேர்மமாக இருக்கிறது என்பதைப் பொறுத்து உறிஞ்சும் அளவு உண்மையிலேயே மாறும். பாதரச சல்பைடு குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது, மெத்தில் பாதரசம் கிட்டத்தட்ட முழுவதும் உறிஞ்சப்படுகிறது. கடல்பாசியில் இருக்கும் ஆர்செனிக்கில் பெரும்பகுதி கரிமச் சேர்மம், கனிம ஆர்செனிக் அளவுக்கு நஞ்சு கிடையாது. அதனால் மொத்த அளவோடு வடிவத்தையும் பார்க்க வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் ஈயத்துக்கு இந்த வாதத்தை நீட்டும்போது நியூயார்க் அறிக்கையைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மருந்து உறிஞ்சப்படவில்லை என்றால் ரத்தத்தில் 64 எப்படி வந்தது? உடம்புக்குள் போகாத ஈயம் ரத்தப் பரிசோதனையில் தெரியாது.

சின்ன எண்களின் வாசல்கள்

சதவீதக் கணக்கில் இருப்பது கண்ணில் பட்டுவிடும். 5, 12, 30 பிபிஎம் என்று வருவதுதான் தொழிற்சாலையில் தலைவலி, ஏனென்றால் அது பல வாசல்கள் வழியாக வரலாம்.

முதலில் மண். செடிகள் எல்லா உலோகத்தையும் ஒரே மாதிரி இழுப்பதில்லை. ஈயம் பெரும்பாலும் வேரைத் தாண்டி மேலே ஏறுவதில்லை. காட்மியம் தண்டு, இலை, விதை என்று சுலபமாக ஏறிவிடும், மண் அமிலத்தன்மையாக இருந்தால் இன்னும் அதிகம். பாஸ்பேட் உரத்தோடு காட்மியம் வயலுக்கு வருவதுண்டு. செயின்ட் ஜான்ஸ் வொர்ட், வில்லோ பட்டை, ஆளி விதை போன்றவை காட்மியத்தைச் சேர்த்து வைப்பதில் பேர்போனவை. ஆகவே காட்மியம் தோற்றால் வயலுக்குப் போக வேண்டும், ஈயம் தோற்றால் முதலில் கழுவினார்களா என்று கேட்க வேண்டும்.

கழுவினார்களா என்பதை விலை உயர்ந்த கருவி இல்லாமலே பார்க்கலாம். எரித்து வரும் சாம்பலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்க வைத்து, கரையாமல் மிஞ்சுவதை எடை போட்டால், அது பெரும்பாலும் மணல், மண். வேர் மருந்தில் அமிலத்தில் கரையாத சாம்பல் அதிகமாக இருந்து ஈயமும் அதிகமாக இருந்தால், ஈயம் வேருக்குள் இல்லை, வேரின் மேல் ஒட்டிய மண்ணில் இருக்கிறது என்று சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. பழைய பரிசோதனைதான், மருந்துகளின் தர அளவுகளை வரையறுக்கும் ஒவ்வொரு மருந்தியல் நூலிலும் இருக்கிறது. இதையும் உலோக முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்களைத்தான் காணோம். இரண்டும் வேறு வேறு தாளில், வேறு வேறு ஆள் கையெழுத்தோடு கோப்புக்குள் போய்விடுகின்றன.

ஈய பெட்ரோலை உலகில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-ல். அதோடு கதை முடிந்தது என்று எண்ண வேண்டாம். சாலையோர மண்ணில் விழுந்த ஈயம் எங்கும் போகாது, மட்காது, பல தலைமுறைக்கு அங்கேயே கிடக்கும். ரோமம் உள்ள இலைகள் அந்தத் தூசியை நன்றாகப் பிடித்து வைக்கும்.

அடுத்தது கலப்படம். இதற்கு நான் பார்த்தவரையில் மிகத் தெளிவான உதாரணம் பங்களாதேஷ் மஞ்சள். கிராமப்புறக் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் ஏன் என்று தேடிப்போன ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் டாக்காவில் இருக்கும் ஐசிடிடிஆர்,பி ஆய்வு நிலையமும், ஈயத்தின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தில் நிறை மாறுபடும் அணு வகை) விகிதங்களை ஒப்பிட்டுப் பார்த்தன. ஒவ்வொரு தாதுச் சுரங்கத்தின் ஈயத்திலும் 206, 207, 208 ஐசோடோப்புகளின் விகிதம் கொஞ்சம் மாறும், அதனால் ரத்தத்தில் இருக்கும் ஈயம் எந்த மூலத்தோடு பொருந்துகிறது என்று பார்க்க முடிகிறது. பொருந்தியது மஞ்சள். மஞ்சள் கிழங்கை மெருகேற்றும்போது பளிச்சென்ற நிறத்துக்காக ஈய குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைத் தூவியிருக்கிறார்கள். 2019-ல் முடிவுகள் வெளியாயின. அரசு எச்சரிக்கை விட்டது, மொத்தச் சந்தையில் எக்ஸ் கதிரால் உலோகத்தைக் காட்டும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவியோடு போய் அங்கேயே சோதித்து அபராதம் போட்டது. 2019-ல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த ஈயம் 2021-ல் பூஜ்யத்துக்கு வந்தது. இரண்டே வருடம்! மில்லில் மஞ்சளை மெருகேற்றும் அந்த ஒரு இடத்தைக் கண்டுபிடித்ததால் முடிந்தது. கடையில் இருக்கும் ஒவ்வொரு பாக்கெட்டையும் ஆய்வகத்துக்கு அனுப்பிக்கொண்டு இருந்திருந்தால் இன்றும் அனுப்பிக்கொண்டேதான் இருந்திருப்பார்கள்.

மூன்றாவது, தொழிற்சாலைக்கு உள்ளேயே. ஒரே கட்டடத்தில் காலையில் உலோக மருந்தும் மதியம் வெறும் மூலிகை மருந்தும் ஒரே அரவை இயந்திரத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2.4 சதவீதம் ஈயமுள்ள பொடி இயந்திரத்தின் மூலையில் 5 கிராம் தங்கிவிட்டது, சின்ன கரண்டி அளவுதான். அதில் 120 மில்லிகிராம் ஈயம். அடுத்து 10 கிலோ மூலிகைப் பொடி அரைத்தால் 12 பிபிஎம். பேட்ச் தோற்றுவிட்டது. மூலப்பொருளை எத்தனை முறை சோதித்தாலும் சுத்தமாகவே வரும், வயலில் தேடினாலும் ஒன்றும் கிடைக்காது. ரச சாஸ்திரம் அல்லாத மருந்துகளில் கிடைத்த அந்த 17.1 சதவீதத்தை நினைக்கும்போது எனக்கு முதலில் தோன்றும் சந்தேகங்களில் இது ஒன்று. இரண்டு வகை மருந்துக்கும் தனித்தனி இயந்திரம் வைப்பதுதான் சரியான வழி. முடியாதென்றால் கழுவிய பிறகு கடைசியாக அலசிய நீரில் உலோகம் பார்க்க வேண்டும், "சுத்தம் செய்யப்பட்டது" என்று பதிவேட்டில் டிக் போடுவது போதாது.

வரம்பைத் தாண்டாத மருந்தும் போதாமல் போகலாம்

இந்திய வரம்பு ஈயம் 10, ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பிபிஎம். ஐரோப்பிய மருந்தியல் நூலில் மூலிகைப் பொருளுக்கு ஈயம் 5, காட்மியம் 1, பாதரசம் 0.1. ஒன்றில் ஈயத்துக்கு இறுக்கம், இன்னொன்றில் காட்மியத்துக்கு இறுக்கம். ஒரு நாட்டில் தேறிய பேட்ச் இன்னொரு நாட்டில் தோற்பது இதனால்தான்.

ஆனால் என் ஆதங்கம் வேறு. பிபிஎம் என்பது செறிவு. உடம்புக்கோ ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு உள்ளே போனது என்பதுதான் கணக்கு. ஒரு சூரணத்தை வேளைக்கு 5 கிராம் வீதம் இரண்டு வேளை சாப்பிடச் சொல்கிறார்கள், அதில் ஈயம் சரியாக 10 பிபிஎம், சட்டப்படி தேறிவிட்டது. நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் போகிறது, ஒத்திசைவுக் குழுவின் 5 மைக்ரோகிராமுக்கு 20 மடங்கு. இன்னொரு பக்கம் 100 மில்லிகிராம் குளிகை ஒன்று, தினம் ஒன்றே ஒன்று, ஈயம் 15 பிபிஎம், சட்டப்படி தோல்வி. உள்ளே போவது 1.5 மைக்ரோகிராம். தேறியதைச் சாப்பிடுபவருக்குத்தான் அதிக ஈயம்! ஒத்திசைவுக் குழுவின் அந்த வழிகாட்டுதல் மூலிகை மருந்துகளுக்காக எழுதப்பட்டதில்லை, அது எனக்குத் தெரியும், ஆனால் ஈயம் எந்த மருந்திலிருந்து வந்தது என்று பார்த்து உடம்பு சலுகை காட்டுவதில்லை. தயாரிப்பாளர்கள் பிபிஎம் முடிவோடு தினசரி அளவையும் பெருக்கி ஒரு வரி எழுதினால் போதும். காசு செலவில்லாத வேலை.

சான்றிதழில் எந்த வரியைப் பார்ப்பது

மருந்தோடோ மூலப்பொருளோடோ வரும் பகுப்பாய்வுச் சான்றிதழைக் கையில் எடுத்தால், "கன உலோகங்கள்: 10 பிபிஎம்-க்குள், இணங்குகிறது" என்று ஒரே ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. எந்த உலோகம்? எந்த முறை? பழைய முறையில் மாதிரியை எரித்து, கரைத்து, சல்பைடு சேர்த்து வரும் கருமை நிறத்தைக் கண்ணால் ஒப்பிடுவார்கள். எல்லா உலோகமும் சேர்ந்து ஒரு நிறம். எரிக்கும் சூட்டில் பாதரசம் ஆவியாகிப் போய்விடும், அப்புறம் எப்படி அது தெரியும்? அமெரிக்க மருந்தியல் நூல் இந்தச் சோதனையைக் கைவிட்டு, ஒவ்வொரு தனிமத்தையும் தனித்தனியே அளக்கும் முறைக்கு 2018 ஜனவரி 1 முதல் மாறிவிட்டது.

இருக்க வேண்டிய வரி இப்படி இருக்கும்: ஈயம் இத்தனை பிபிஎம், ஐசிபி-எம்எஸ் முறை (தனிமங்களை அவற்றின் நிறையை வைத்துத் தனித்தனியே அளக்கும் கருவி), அளக்கக்கூடிய குறைந்தபட்ச அளவு இவ்வளவு, பேட்ச் எண், சோதித்த தேதி. ஆர்செனிக், பாதரசம், காட்மியத்துக்கும் அதே மாதிரி. எண் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம், 2, 3, 5, 8 என்று பேட்சுக்குப் பேட்ச் ஏறிக்கொண்டே வந்தால் தோற்பதற்கு முன்பே ஏதோ மாறுகிறது என்று தெரியும். "இணங்குகிறது" என்ற சொல் நான்கு பேட்சுக்கும் ஒரே மாதிரி இருந்துவிட்டு ஐந்தாவதில் திடீரென்று தோற்கும்.

சான்றிதழில் எழுதாத ஒன்று மாதிரி எடுத்த விதம். மூட்டையின் வாயிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி அனுப்பினால் அது அந்தக் கைப்பிடிக்கான முடிவு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது, 5 மூட்டை வரை எல்லாவற்றிலும் எடு, 6 முதல் 50 வரை என்றால் ஐந்தில் எடு, அதற்கு மேல் பத்தில் ஒன்று. எடுத்ததைக் கலந்து, பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் பங்குகளை வைத்துக்கொண்டு மீண்டும் கலந்து சுருக்க வேண்டும். ஏன் இவ்வளவு பாடு என்றால், கடைசியில் கருவிக்குப் போவது அரை கிராம்தான். ஈய குரோமேட்டின் 0.1 மில்லிமீட்டர் துகள் ஒன்றே ஒன்று அந்த அரை கிராமுக்குள் விழுந்தால் முடிவு சுமார் 4 பிபிஎம் கூடிவிடும். கலப்படமான பொடியை இரண்டு முறை சோதித்தால் 3 என்றும் 14 என்றும் வருவது அதனால்தான். அப்போது 14-ஐப் பிழை என்று தள்ளிவிட்டு 3-ஐ எழுதும் ஆசை எல்லா ஆய்வகத்துக்கும் வரும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாததே ஒரு கண்டுபிடிப்பு: உலோகம் செடிக்குள் சீராகக் கலந்து இருக்கவில்லை, துகளாக இருக்கிறது. பொடியை உருப்பெருக்கியில் பாருங்கள், நிறத்துகள் தெரிகிறதா என்று.

கருவிப் பக்கம் சுருக்கமாக. மூடிய கலத்தில் நைட்ரிக் அமிலத்தோடு மைக்ரோவேவில் சூடாக்கி முழுக்கக் கரைக்க வேண்டும், திறந்த பாத்திரத்தில் செய்தால் பாதரசம் ஓடிவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்தால் ஆர்கானும் குளோரினும் கூடி ஆர்செனிக்கின் அதே நிறையில் வந்து பொய்யான எண் காட்டும், அதை விலக்கக் கருவியில் மோதல் அறை என்ற பகுதி வேண்டும். மருந்தே சேர்க்காத வெற்று மாதிரி, தெரிந்த அளவு உலோகம் சேர்த்து மீட்டுப் பார்ப்பது, சான்றளித்த ஒப்பீட்டுப் பொருள் மூன்றும் இல்லாத முடிவை நான் முடிவாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

சட்டத்தில் இருக்கும் சந்து

இந்திய ஆயுஷ் துறை 2005 அக்டோபரில் ஆணையிட்டு, 2006 ஜனவரி 1 முதல் ஏற்றுமதியாகும் ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளில் முழுக்க மூலிகையால் ஆனவற்றுக்கு உலோகப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. நல்ல ஆணைதான். அந்த ஆணைக்கு ஐந்து வருடத்துக்குப் பிறகு நடந்தது நியூயார்க் நிகழ்வு. உலோகம் செய்முறையிலேயே இருக்கும் மருந்துக்கு இந்த வரம்பு பொருந்தாது. உறவினர் பெட்டியில் வைத்துக்கொண்டு வரும் டப்பாவையும் கூரியரில் வருவதையும் எந்த ஏற்றுமதிச் சோதனையும் தொடாது. அட்டவணை இ(1)-ல் உள்ள நச்சுப் பொருள் சேர்ந்த மருந்துகளின் லேபிளில் மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று இந்திய மருந்து விதி சொல்கிறது, ஆனால் அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் கேட்கப்படும் ஒரு வரி. கர்ப்பிணி சாப்பிடக் கூடாது, இதில் ஈயம் இருக்கிறது என்று அவரவர் மொழியில் நேராகச் சொல்லும் வரியைத்தான் நான் எதிர்பார்க்கிறேன்.

நியூயார்க் சுகாதாரத் துறை மருத்துவர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் உள்நாட்டு, வெளிநாட்டு அரசு அமைப்புகளுக்கும் தபாலிலும் மின்னஞ்சலிலும் தகவல் அனுப்பியது, உள்ளூரில் விற்ற கடையை நிறுத்தச் சொன்னது. நகரத்தின் கைக்கு எட்டியது அதுவரைதான். கடிதம் கிடைத்த தயாரிப்பாளர் செய்ய வேண்டியது அந்த பேட்சை நினைவிலிருந்து அழிப்பதல்ல, அதன் மூலப்பொருள் பதிவு, இயந்திரப் பதிவு, ஒதுக்கி வைத்த மாதிரி மூன்றையும் எடுத்து வாசலைத் தேடுவது.

சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு

பற்பம், செந்தூரம், பஸ்மம், ரசம் என்று பெயரில் வரும் மருந்தையோ, பெயர் தெரியாமல் கைமாற்றாக வந்த மாத்திரையையோ நீங்களோ வீட்டில் கர்ப்பிணியோ சாப்பிட்டுக்கொண்டிருந்தால், முதலில் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், ஏனென்றால் பலருக்கு இது மருந்துக் கணக்கிலேயே வராது. சூரணம், லேகியம், ஊரிலிருந்து வந்த மாத்திரை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். மிச்ச மாத்திரையும் லேபிளும் பேட்ச் எண்ணும் இருந்தால்தான் எங்கிருந்து வந்தது என்று யாராவது தேட முடியும். நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டும், முடியிலும் நகத்திலும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஈயத்தை வெளியேற்றும் மருந்து என்று இணையத்தில் விற்பதை வாங்கிச் சாப்பிடக் கூடாது. எந்த அளவில் சிகிச்சை தேவை என்பதை நிபுணர்தான் சொல்ல வேண்டும், அதுவும் மூலத்தை நிறுத்திய பிறகுதான். பிரசவத்தின்போது தொப்புள்கொடி ரத்தத்திலோ குழந்தையின் ரத்தத்திலோ ஈயம் பார்க்கச் சொல்லுங்கள். தாயின் அளவு 40-க்குக் கீழே இருந்தால் தாய்ப்பால் கொடுக்கலாம் என்கிறது அந்த 2010 வழிகாட்டுதல், அதற்கு மேல் இருந்தால் இறங்கும்வரை பாலைப் பீய்ச்சி விட்டுவிடச் சொல்கிறது.

மருந்தை நிறுத்தினால் ரத்தத்தில் உள்ள ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும், பிறகு எலும்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதால் வேகம் மட்டுப்படும். சிகிச்சை முடிந்த சில வாரத்தில் லேசாக மறுபடி ஏறுவதும் எலும்பிலிருந்து வருவதாக இருக்கலாம். ஆனால் அளவு இறங்கவே இல்லை, அல்லது நன்றாக ஏறுகிறது என்றால், வீட்டில் இன்னொரு டப்பா இருக்கிறதா, மாமியாரோ அக்காவோ வேறு ஏதாவது கொடுத்தார்களா என்று திரும்பவும் உட்கார்ந்து கேட்க வேண்டும்.